முதல் ஸ்னோவிலேயே ஸ்டாப் சைனைத் தாண்டிப் போய்விட்டேன். ஆல் வீல் டிரைவ் இருந்தும் ஏன்?

கோவைத்தம்பி (டிசம்பர் 4, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட்டில்தான் குடும்பத்தோடு கனடாவுக்கு, டொராண்டோவின் ஸ்காபரோ பகுதிக்கு வந்தோம். ஊரில் பதினொரு வருடம் கார் ஓட்டியவன். வால்பாறைக்குப் போகிற நாற்பது கொண்டை ஊசி வளைவும் எனக்குப் பழக்கம். அந்தத் தைரியத்தில்தான் இன்று காலை மகளைப் பள்ளியில் விடக் கிளம்பினேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு ஸ்டாப் சைன். மணிக்கு முப்பது கிலோமீட்டரில்தான் வந்தேன், சத்தியமாக. வழக்கமாக மிதிக்கிற இடத்தில் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. காலுக்கடியில் பெடல் கடகடவென்று அதிர்ந்தது. கீழே ஏதோ அரைபடுகிற மாதிரி சத்தம். பிரேக் உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். வண்டி வழுக்கிக்கொண்டு போய்க் குறுக்குத் தெருவின் நட்டநடுவில் நின்றது. அந்த நேரம் எதுவும் வராதது எங்கள் நல்ல காலம். பின்சீட்டிலிருந்து மகள், "அப்பா, நாம ஸ்டாப்ல நிக்கவே இல்லையே" என்றாள்.

கேள்வி இரண்டு. என் பிரேக்குக்கு என்ன ஆயிற்று? அப்புறம், பழைய எஸ்யுவி வாங்கும்போது விற்றவர், "ஆல் வீல் டிரைவ் இருக்கு, வின்டர் டயர் தண்டச் செலவு" என்றார். ஆயிரம் டாலருக்கு மேல் கேட்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

கராஜ்காரன் (டிசம்பர் 4, இரவு 10.15)

தம்பி, முதலில் மூச்சு விடுங்கள். பிறேக் உடையவில்லை. அதுதான் ஏபிஎஸ். சில்லு, அதாவது சக்கரம், இறுகிப்போய்ச் சறுக்கத் தொடங்கினால், பிறேக்கை ஒரு செக்கனுக்குள் பல தடவை விட்டுவிட்டுப் பிடிக்கும். காலில் கடகட என்று அதிர்ந்தது அதன் வேலை. நீங்கள் காலை எடுத்ததுதான் பிழை. அதிரும்போது இன்னும் அழுத்தி மிதித்து, அப்படியே வைத்திருக்க வேண்டும். ஏபிஎஸ் வேலை செய்கிறபோது ஸ்டியரிங் திருப்பினால் வண்டி திரும்பும். அதுதான் அதால் வரும் பெரிய நன்மை. ஸ்னோவில் அது நிற்கும் தூரத்தைக் குறைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

உங்களுக்கு வண்டி விற்றவர் சொன்னதில் பாதி உண்மை. ஆல் வீல் டிரைவ் என்றால் எஞ்சினின் இழுவை நாலு சில்லுக்கும் போகிறது. ஸ்னோ மூடிய டிரைவ்வேயிலிருந்து வெளியே வர நல்லது. ஆனால் பிறேக்? அது எந்த லொட லொட காருக்கும் நாலு சில்லிலும்தான் இருக்கிறது. நிற்கிற விஷயத்தில் உங்கள் எஸ்யுவிக்கு ஒரு விசேஷமும் இல்லை. பாரம் கூட என்பதுதான் மிச்சம். கிளம்பும்போது வழுக்காததால் ரோடு நல்லாயிருக்கு என்று ஓட்டுகிறவர் நினைத்துவிடுகிறார். முதல் ஸ்னோ அன்று பள்ளத்தில் கிடந்து என்னிடம் கட்டி இழுத்து வருகிறவற்றில் எஸ்யுவிக்குக் குறைவில்லை.

ரயர் கதை இதுதான். சாதாரண ஆல் சீசன் ரயரின் ரப்பர் ஏழு டிகிரிக்குக் கீழே போகப் போக விறைக்கும். பாட்டா செருப்பை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. விண்டர் ரயரின் ரப்பர் குளிரிலும் மெத்தென்று இருக்கும். அதோடு அதன் பல்லில் பிளேட்டால் கீறினமாதிரி மெல்லிய வெட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், அவைதான் ஸ்னோவைக் கவ்வும். ஜனவரி காலையில் கராஜுக்கு வெளியே நிற்கிற இரண்டு வகை ரயரிலும் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். ஒன்றில் பதியும், மற்றதில் நகம்தான் நோகும்.

வாங்கும்போது பக்கச்சுவரில் மூன்று முகடு உள்ள மலையும் நடுவில் ஒரு பனித்துகளும் போட்ட குறி இருக்கிறதா என்று பாருங்கள். எம், எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. நாலும் மாற்ற வேண்டும். காசு மிச்சம் பிடிக்க முன்னுக்கு இரண்டு மட்டும் போட்டால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கும், வண்டி சுழன்றுவிடும்.

88இல்வந்தவன் (டிசம்பர் 4, இரவு 11.02)

கராஜ்காரர் கராஜுக்கு ஆள் பிடிக்கிறார். நான் 1988இல் வந்தவன். அன்றிலிருந்து ஆல் சீசன் ரயர்தான். ஒரு கீறல் இல்லை. எங்கள் காலத்தில் ஏபிஎஸ்ஸும் இல்லை, ஒன்றும் இல்லை. பிறேக்கை நாங்களே காலால் பம்ப் பண்ணினோம். மெதுவாக ஓடினால் காணும். ஆயிரம் டொலருக்குத் தம்பி ஊருக்கு ஒரு டிக்கெட் போடலாம்.

மொன்றியல்வாசி (டிசம்பர் 5, காலை 7.20)

ஐயா, இந்தக் கதையை இங்கே வந்து சொல்ல முடியாது. கியூபெக்கில் பதிவான கார் என்றால் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் ரயர் கட்டாயம். 2008இல் வந்த சட்டம். முதலில் டிசம்பர் 15 என்று இருந்தது, 2019இல் இரண்டு கிழமை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப்பாதைகளுக்கு அக்டோபர் 1இலிருந்தே விதி தொடங்கிவிடும். ஒன்ராறியோவில்தான் அவரவர் இஷ்டம்.

கோவைத்தம்பி, ஒன்ராறியோவில் 2016இலிருந்து விண்டர் ரயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பனிகள் தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டும். போன் பண்ணிக் கேட்டால்தான் கொடுப்பார்கள், அது வேறு கதை.

கணக்குவாத்தி (டிசம்பர் 5, காலை 8.05)

சண்டை வேண்டாம், நியூட்டனைக் கூப்பிடுவோம். பிரேக் பிடித்த கணத்திலிருந்து நிற்கும் வரை வண்டி போகும் தூரம். உராய்வு, காய்ந்த தாருக்கு 0.7, இறுகிய பனிக்கு 0.2, ஐஸுக்கு 0.1 என்று தோராயமாக எடுத்துக்கொள்கிறேன்.

தம்பி வந்தது 30இல். காய்ந்த ரோட்டில் 5 மீட்டரில் நின்றிருப்பார். இறுகிய பனியில் 18 மீட்டர். ஐஸில் 35 மீட்டர். "வழக்கமாக மிதிக்கிற இடம்" என்று எழுதியிருக்கிறார் பாருங்கள், அங்கேதான் கணக்கு தப்பியது.

இனி 50. காய்ந்த ரோட்டில் 14 மீட்டர், பனியில் 49, ஐஸில் 98. நம்ம ஊர் டிடிசி பஸ் 12 மீட்டர் நீளம். அதாவது ஒரு பஸ் தூரத்தில் நிற்கிற வண்டி, ஐஸ் என்றால் எட்டு பஸ்ஸைத் தாண்டித்தான் நிற்கும். இதில் மூளை யோசிக்கிற நேரத்தைச் சேர்க்கவில்லை.

88 ஐயா சொன்ன "மெதுவாக" என்பதும் இதே கணக்கில்தான் வருகிறது. வேகம் பாதியானால் தூரம் கால்வாசி. ஐயா இத்தனை வருடம் தப்பித்தது அதனால்தான். ஆனால் மெதுவாக ஓட்டும் ஐயாவுக்குப் பின்னால் வருகிறவனும் மெதுவாக வர வேண்டுமே?

இரவுப்பணி (டிசம்பர் 5, மாலை 4.30)

நான் ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட் நர்ஸ். போன மார்ச்சில் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்னோவே இல்லாத நாள் அது.

காலை ஏழரை மணி. வேலை முடிந்து 401ஆம் நெடுஞ்சாலையிலிருந்து 404க்கு ஏறும் பாலத்தில் வந்துகொண்டிருந்தேன். ரோடு கறுப்பாக, மழை பெய்து ஓய்ந்த மாதிரி ஈரமாக மினுங்கியது. டாஷ்போர்டில் ஒரு டிகிரி, அதுவும் பிளஸ். தூக்கம் வராமலிருக்க ஜன்னலைக் கொஞ்சம் இறக்கியிருந்தேன். அதனால்தான் கவனித்தேன்: டயர் சத்தம் திடீரென்று நின்றுவிட்டது. சர்ரென்ற அந்த இரைச்சல் போய், ஒரே அமைதி. ஸ்டியரிங் கையில் எடையே இல்லாமல் லேசாகிவிட்டது. அப்போதுதான் புரிந்தது, நான் ஓட்டிக்கொண்டிருந்தது ஈரத்தில் இல்லை, ஐஸில்.

ஒன்றும் செய்யவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தேன். பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை ஆட்டவில்லை. பாலம் முடியும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்தால் சுவருக்குத்தான் போவோம், கண் போகிற பக்கம்தான் கை திருப்பும். பாலம் முடிந்தது, சத்தம் திரும்பி வந்தது. எனக்கு முன்னால் போன வெள்ளை வேன் தடுப்பில் உரசிக்கொண்டு நின்றிருந்தது. டிரைவர் வெளியே இறங்கி நின்றார், அடி ஒன்றும் இல்லை.

பாலம்தான் முதலில் உறையும். தரைமேல் போடும் ரோட்டுக்கு அடியில் மண்ணின் சூடு கொஞ்சம் இருக்கும். பாலத்துக்கு மேலும் காற்று, கீழும் காற்று. டாஷ்போர்டு காட்டுவது காற்றின் வெப்பத்தைத்தான், ரோட்டின் வெப்பத்தை அல்ல. 2021 பிப்ரவரியில் டெக்சஸ் ஃபோர்ட் வொர்த்தில் 130க்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஆறு பேர் இறந்தார்களே, அது நடந்ததும் உறைமழை விழுந்த, உயர்த்திக் கட்டிய சாலையில்தான்.

ஈரமா ஐஸா என்று சந்தேகம் வந்தால் முன்னால் போகிற வண்டியின் சக்கரத்தைப் பாருங்கள். தண்ணீர் தெறித்தால் ஈரம். ரோடு மினுங்கியும் தெறிக்கவில்லை என்றால் தூரம் விடுங்கள்.

தம்பி, இன்னொன்று. பாப்பாவை வின்டர் ஜாக்கெட்டோடு கார் சீட்டில் கட்டாதீர்கள். ஜாக்கெட் பஞ்சு, மோதும்போது அமுங்கிவிடும், பெல்ட் தளர்ந்துவிடும். ஜாக்கெட்டைக் கழற்றிக் கட்டிவிட்டு மேலே போர்த்துங்கள். எமர்ஜென்சியில் வேலை பார்ப்பதால் சொல்கிறேன்.

கோவைத்தம்பி (டிசம்பர் 5, இரவு 8.10)

அக்கா, இன்று காலை வரை ஜாக்கெட்டோடுதான் கட்டினேன். நன்றி.

பதினெட்டுசக்கரம் (டிசம்பர் 6, அதிகாலை 2.50)

வாவா பக்கம் லொறியை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். 17ஆம் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். சுப்பீரியர் ஏரிக்கரையில் இது மாதத்துக்கு இரண்டு தடவை நடக்கிற கூத்து. ரொறன்ரோவுக்கும் வினிப்பெக்குக்கும் பத்து வருடமாக ஓடுகிறேன். ரயர் பற்றிக் கராஜ்காரன் சொல்லிவிட்டார், நான் ரோட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

எல்லோரும் மைனஸ் 25க்குப் பயப்படுகிறார்கள். எனக்குப் பயம் பூச்சியத்தில்தான். கடுங்குளிரில் ஐஸ் காய்ந்து கிடக்கும், ரயர் ஓரளவு பிடிக்கும். பூச்சியத்தை ஒட்டினால் ஐஸின் மேல் மெல்லிய தண்ணீர்ப்படலம் இருக்கும், அதைப்போல வழுக்குவது வேறொன்றும் இல்லை.

கடுங்குளிருக்கு வேறு குணம். உப்புப் போட்டிருக்கிறார்கள், பயமில்லை என்று நினைப்பீர்கள். மைனஸ் 12க்குக் கீழே போனால் உப்பு மந்தம். மைனஸ் 18ஐ ஒட்டி அதன் வேலை ஏறக்குறைய முடிந்தது. அதனால்தான் வடக்கே மணல் போடுகிறார்கள். மணல் ஐஸை உருக்காது, கொஞ்சம் சொரசொரப்புத் தரும், அவ்வளவுதான்.

நீலவிளக்கு மின்னுகிற பனி அள்ளும் வண்டியைக் கண்டால் பின்னாலேயே போங்கள். அதற்கு முன்னால் இருக்கிற ரோடு, நீங்கள் போக விரும்பாத ரோடு. முந்தப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது, அதன் பக்கத்தில் இறக்கை மாதிரி இன்னொரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும், பனிப்புழுதியில் அது கண்ணுக்கே தெரியாது.

ரொறன்ரோவுக்கு வடக்கே பரி நகரப் பக்கம், 400ஆம் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் ஏரிக்காற்று கொண்டுவரும் ஸ்குவாலுக்கு, அதாவது திடீர்ப் பனிவீச்சுக்கு, பயப்பட வேண்டும். வெயில் அடிக்கும். பத்து நிமிடத்தில் வெள்ளைச் சுவர் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே நிற்கும். அதற்குள் போய்விட்டால் ஹை பீம் போடாதீர்கள், வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணிலேயே அடிக்கும். ஓடும் லேனில் நிறுத்தாதீர்கள், பின்னால் நான் வருவேன். மெல்ல மெல்ல வேகம் குறைத்து அடுத்த எக்ஸிட்டில் இறங்குங்கள். குரூஸ் கன்ட்ரோல் வேண்டவே வேண்டாம்.

லைட் சுவிட்சைக் கையால் திருகிப் போடுங்கள். இங்கே பகலிலும் முன்விளக்கு தானாக எரியும். 2021 செப்டம்பருக்கு முன்னால் வந்த கார்களில் பலவற்றில் அதோடு பின்விளக்கு எரியாது. டாஷ்போர்டு பளிச்சென்று இருப்பதால் எல்லாம் எரிகிறது என்று நினைத்துக்கொண்டு போவார்கள். லொறியிலிருந்து பார்த்தால் ஸ்னோவுக்குள் ஒன்றுமே இல்லை. திடீரென்று ஒரு காரின் முதுகு.

காய்ந்த ரோட்டில் இரண்டு செக்கன் இடைவெளி என்று லைசென்ஸ் எடுக்கும்போது படித்திருப்பீர்கள். நான் ஸ்னோவில் எட்டு செக்கன் விடுவேன். அந்த இடத்துக்குள் ஒரு கார் வந்து நுழையும். நுழையட்டும், மறுபடி எட்டு எண்ணுவேன்.

மின்னோட்டி (டிசம்பர் 6, காலை 10.30)

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெடலிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தன்னைத்தானே இழுத்துப் பிடிக்கும் அல்லவா, ஐஸில் அது திடீர் பிரேக் மாதிரி. செட்டிங்கில் அதைக் குறைத்துவிடுங்கள். குளிரில் ரேஞ்சும் கணிசமாக விழும். கிளம்புவதற்கு முன்னால், சார்ஜரில் இருக்கும்போதே ஹீட்டரைப் போட்டுவிடுவேன்.

88இல்வந்தவன் (டிசம்பர் 6, மதியம் 1.15)

லொறித் தம்பி எழுதியதைப் படித்தேன். பின்விளக்கு விஷயம் எனக்குத் தெரியாது. இப்போதுதான் வெளியே போய்ப் பார்த்தேன், என் காரிலும் எரியவில்லை.

நான் ஒரு கீறல் இல்லை என்று எழுதினேன். உண்மைதான், ஆனால் 2022 ஜனவரி 17ஐச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பனிப்புயலில் டொன் வலி பார்க்வே, கார்டினர் என்ற இரண்டு பெரிய சாலைகளையும் மூடினார்களே, அந்தத் திங்கள். கென்னடி ரோட்டில் சின்ன ஏற்றம் ஒன்று. சில்லுச் சுற்றுகிறது, கார் அசையவில்லை. பக்கத்தில் ஒரு பிள்ளை குட்டிக் கார் ஒன்றில் நின்று நின்று ஏறிப்போனாள். நான் காரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஒன்றேகால் மணித்தியாலம் நடந்தேன். அவளுடைய ரயர் என்ன என்று அப்போது பார்க்கவில்லை.

பதினெட்டுசக்கரம் (டிசம்பர் 6, மாலை 5.40)

ஐயா நடந்து போனது சரி, அது நகரம். வெளியூர் ரோட்டில் மாட்டினால் காரை விட்டு இறங்காதீர்கள். 2022 கிறிஸ்மஸ் புயலில் பஃபலோ பக்கம் 40க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள், சிலர் காருக்குள், சிலர் வெளியே. எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்தால் முதலில் புகைக்குழாயைச் சுற்றி இருக்கிற ஸ்னோவை அள்ளுங்கள். அடைத்துவிட்டால் புகை உள்ளே வரும். அதில் இருக்கிற கார்பன் மொனொக்சைட் நச்சுவாயுவுக்கு மணமும் இருக்காது, நிறமும் இருக்காது, தூக்கம்தான் வரும். விட்டுவிட்டுப் பத்துப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள், ஒரு ஜன்னலை விரல் அளவு திறந்து வையுங்கள். பெற்றோல் டாங்கி எப்போதும் பாதிக்கு மேல் இருக்கட்டும். ஒரு போர்வை, ஒரு குட்டி மண்வெட்டி, போன் சார்ஜர். நான் ஒரு டப்பா கச்சானும் வைத்திருக்கிறேன்.

ரோடு திறந்துவிட்டார்கள். போகிறேன்.

கோவைத்தம்பி (டிசம்பர் 20, இரவு 9.05)

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். டயர் போட்டாயிற்று, தனி ஸ்டீல் ரிம்மோடு நாலும். அடுத்த நாளே ஐந்து சென்டிமீட்டர் விழுந்தது. ஞாயிறு காலை ஆறு மணிக்குக் காலியாகக் கிடந்த ஒரு பார்க்கிங் லாட்டுக்குப் போய், விளக்குக்கம்பம் இல்லாத பக்கமாக முப்பதில் வந்து வந்து பிரேக்கை மிதித்தேன். முதல் மூன்று தடவை அதிர்ந்த உடனே கால் தானாக எழும்பிவிட்டது. பதினொரு வருடப் பழக்கம். நாலாவது தடவைதான் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தி வைத்திருந்தேன். கடகடவென்று ஆடிக்கொண்டே வண்டி நேராக நின்றது. அப்புறம் மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பினேன், கராஜ்காரன் அண்ணா சொன்னபடி திரும்பியது. மகள் பின்சீட்டில் எண்ணிக்கொண்டு வந்தாள், பதினாறு தடவையாம்.

இதற்கிடையில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன், சொல்லிவிடுகிறேன். ஒரு காலை கண்ணாடி முழுக்க ஐஸ். சுரண்டக் கை விறைத்தது. மாடிக்கு ஓடி டீக்குக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினேன். டக்கென்று ஒரு சத்தம். இடது ஓரத்திலிருந்து நடு வரைக்கும் கோடு. வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை, டீயும் தரவில்லை.

கடைசிக் கேள்வி. கழற்றிய நாலு டயரையும் எங்கே வைப்பது? பால்கனியில் வைக்கக்கூடாது என்று பில்டிங்கிலிருந்து கடிதம் வந்துவிட்டது. இப்போது ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. விருந்தாளி வந்தால் உட்கார வசதியாக இருக்கிறது, ஆனால் ரப்பர் வாசனை.

கராஜ்காரன் (டிசம்பர் 20, இரவு 9.50)

கண்ணாடிக்குச் சுடுதண்ணீர் ஊற்றுகிறவர்கள் வருடம் நாலு பேராவது வருகிறார்கள், வெட்கப்பட வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டு டீஃப்ரொஸ்டரைப் போட்டுவிட்டுக் கூரையிலிருந்து துடைக்கத் தொடங்குங்கள். மூடிய கராஜுக்குள் மட்டும் அப்படி ஓடவிடாதீர்கள். கூரையில் கிடக்கிறதையும் தள்ளிவிடுங்கள், பிறேக் போடும்போது அது முழுப் பாளமாகச் சரிந்து முன்கண்ணாடியை மூடும்.

ரயரை லாக்கர் இருந்தால் அங்கே வையுங்கள். இல்லையென்றால் பருவத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வைத்துத் தருகிற கடைகள் நிறைய உண்டு. ரிம் இல்லாத ரயர் என்றால் நிறுத்திவைக்க வேண்டும். கறுப்புப் பையில் கட்டினால் வாசனை வராது. எது முன் சில்லு, எது பின் சில்லு என்று சாக்கட்டியால் எழுதிவிடுங்கள், ஏப்ரலில் மறந்துவிடும்.

புது ரிம் போட்டிருக்கிறீர்கள், நூறு கிலோமீட்டர் ஓடினதும் நட்டை மறுபடி இறுக்க வேண்டும். யாரும் சொல்லமாட்டார்கள். காற்றும் பாருங்கள், குளிர் கூடக் கூடக் குறையும், ஐந்தாறு டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ என்று வையுங்கள்.

88இல்வந்தவன் (டிசம்பர் 20, இரவு 11.30)

கராஜ்காரர், 205/55/16 அளவு விண்டர் ரயர் என்ன விலை போகிறது? சும்மாதான் கேட்கிறேன்.